குப்பைக்கு ஒப்பந்தம் போடுமுன்: ஆப்பிரிக்க நகரங்கள் கற்றுத்தரும் பாடம்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "ஆரோக்கியத்தைப் பற்றியோ, பென்ஷன் விதிகளைப் பற்றியோ ஏதாவது சொல்லுங்கள்" என்றார். நான், "குப்பையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு, "டிபனுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டார். முன்னால்தான் என்று முடிவானது. ஆகையால் நீட்டி முழக்காமல் பேச முயல்கிறேன்.

இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் உறுப்பினர் ஒருவருடைய பிள்ளை, இன்ஜினியர், இரண்டு மாதங்களுக்கு முன் என் அகத்துக்கு வந்தான். அவன் வேலை பார்க்கும் கம்பெனி, ஓர் ஐரோப்பிய ஸ்தாபனத்துடன் கூட்டுச் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நகரத்தின் குப்பையை நிர்வகிக்க விண்ணப்பிக்க இருக்கிறதாம். "மாமா, நீங்கள் எத்தனையோ டெண்டர் பார்த்தவர். இதில் எதை எல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றிலிருந்து நான் படித்ததையும் யோசித்ததையும்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பிரச்சினையின் அளவு

உலக வங்கி 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் 2016-ஆம் ஆண்டில் உண்டாக்கிய குப்பை 17.4 கோடி டன். தலைக்கு ஒரு நாளைக்கு 460 கிராம்தான். அமெரிக்கரோடு ஒப்பிட்டால் இது மிகவும் சொற்பம். ஆனால் அந்தக் குப்பையில் பாதிக்கும் குறைவாகத்தான் முறையாகச் சேகரிக்கப்படுகிறது. சுமார் 69 சதவிகிதம் திறந்தவெளியில் கொட்டப்படுகிறது. ஜனத்தொகையும் நகரங்களும் வளர்கிற வேகத்தில் 2050-க்குள் இது மூன்று மடங்காகும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு.

ஆக, அங்கே மனிதர்கள் அதிகம் வீணாக்குகிறார்கள் என்பதல்ல பிரச்சினை. எடுத்துச் செல்லவும் பத்திரமாகப் போட்டு வைக்கவும் நகராட்சியிடம் பணம் இல்லை. ஏழை நாடுகளில் நகராட்சி பட்ஜெட்டில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்கே போய்விடுகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அப்படியும் போதவில்லை. இந்த இடத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனிகளும், வளர்ச்சி வங்கிகளும், நட்பு நாடுகளும் நுழைகிறார்கள்.

போதாமல் போனால் என்ன ஆகும்? எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் கோஷே என்று ஒரு குப்பைமேடு. அந்த ஊர் பாஷையில் அந்தச் சொல்லுக்கே அழுக்கு என்றுதான் அர்த்தம். 1960-களிலிருந்து கொட்டிக் கொட்டி மலையாகிவிட்டது. 2017 மார்ச் 11-ஆம் தேதி அந்த மலை சரிந்தது. ஓரத்தில் குடிசை போட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் மொசாம்பிக்கின் மபூட்டோ நகரில் ஹுலேன் குப்பைமேடு மழையில் சரிந்து பதினாறு பதினேழு பேர் போனார்கள். 2024 ஆகஸ்டில் உகாண்டாவின் கம்பாலாவில் கிட்டேசி மேடு சரிந்தது; முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள், அவர்களுடைய குழந்தைகள். குப்பை ஒப்பந்தம் என்றால் ஏதோ துடைப்பம், லாரிக் கணக்கு என்று நினைக்கிறோம். அது உயிர்க் கணக்கு.

கெய்ரோவில் நடந்தது

வெளிநாட்டுக் கூட்டு எப்படித் தோற்கும் என்பதற்கு கெய்ரோவைவிட நல்ல பாடம் கிடையாது. அங்கே ஸப்பாலீன் என்று ஒரு கூட்டத்தார். குப்பைக்காரர்கள் என்று பொருள். பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். 1940-கள் முதல் தெற்கு எகிப்தின் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மொகத்தம் குன்றின் அடிவாரத்தில் குடியேறினார்கள். வீடு வீடாக மாடி ஏறிக் குப்பையை வாங்கி, கழுதை வண்டியிலும் பிறகு சிறு லாரியிலும் ஏற்றிக்கொண்டு போய், தங்கள் வீட்டு வாசலிலேயே பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரிப்பார்கள். காகிதம் தனி, தகரம் தனி, பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு ரகமும் தனி. உணவுக் கழிவு அவர்கள் வளர்த்த பன்றிகளுக்கு. எடுத்த குப்பையில் எண்பது சதவிகிதம் வரை மறுபடியும் உபயோகத்துக்குப் போய்விடும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பணக்கார நாட்டு நகராட்சியும் இந்தக் கணக்கைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

அரசாங்கத்தின் கண்ணுக்கு இது நாகரிகமாகத் தெரியவில்லை. 2003 வாக்கில் இத்தாலிய, ஸ்பானிய கம்பெனிகளுடன் பதினைந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். கட்டணம் மின்சார பில்லோடு சேர்த்து வசூல். கம்பெனிகள் மறுசுழற்சி செய்ய வேண்டிய அளவு இருபது சதவிகிதம் என்று நிபந்தனை. மீதியைப் புதைக்கலாம். பாருங்கள், எண்பது நடந்துகொண்டிருந்த இடத்தில் இருபதுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம்!

பெரிய லாரிகளால் குறுகிய சந்துகளுக்குள் போக முடியவில்லை. மாடிக்கு வந்து வாங்கிப்போன ஆளுக்குப் பதிலாகத் தெருமுனையில் தொட்டி வைத்தார்கள். பழக்கப்பட்ட ஜனங்கள் இறங்கி வர மறுத்தார்கள். தொட்டிகள் திருடு போயின. இதற்கும் பில்லில் பணம், பழைய ஆளுக்கும் பணம் என்று இரண்டு தடவை கொடுக்க நேர்ந்ததில் கோபம் வேறு. ஸப்பாலீன்களோ வேலையை விடவில்லை. விட்டால் சாப்பாடு ஏது?

இதற்குமேல் 2009-ல் பன்றிக் காய்ச்சல் பீதி. எகிப்தில் ஒருவருக்குக்கூட நோய் காணாத சமயத்தில், நாட்டிலிருந்த சுமார் மூன்று லட்சம் பன்றிகளையும் கொன்றுவிட உத்தரவு. அந்தப் பிராணிகள்தான் நகரத்தின் உணவுக் கழிவைத் தீர்த்துவந்தன. அவை போனதும் தெருவெல்லாம் அழுகல். கடைசியில் 2013-ல், ஸப்பாலீன்களோடு பல வருஷம் வேலை செய்த லைலா இஸ்கந்தர் என்ற அம்மையார் சுற்றுச்சூழல் அமைச்சராக வந்தபோதுதான், அவர்களை முறையாக அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் முயற்சி தொடங்கியது. பத்து வருஷம் வீணான பிறகு.

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்

எகிப்தின் இன்னொரு பெரிய நகரம் அலெக்சாந்திரியா. 2000-ல் அந்த ஊர்க் குப்பையைப் பதினைந்து வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது பிரான்ஸின் வியோலியா குழுமத்தைச் சேர்ந்த ஓனிக்ஸ். இந்தப் பெயரைக் கேட்டதும் சென்னையில் அகம் உள்ளவர்கள் தலையாட்டுகிறீர்கள். ஆம், அதே 2000-ல் சென்னையில் மூன்று மண்டலங்களை ஏற்ற அதே ஓனிக்ஸ்தான். 2007 வரை இருந்தார்கள். குப்பை வண்டிக்கே ஓனிக்ஸ் வண்டி என்று பேர் வந்துவிட்டது.

அலெக்சாந்திரியாவில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. குப்பை நிலங்களில் உண்டாகும் மீத்தேனைப் பிடித்து எரிக்கும் ஏற்பாடுகூடச் செய்தார்கள். ஆனால் விலைவாசி ஏறியது. தொழிலாளர் சம்பளம் ஏறியது. நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது. கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதில் தகராறு. 2011-ல் கம்பெனி வெளியேறியது. அடுத்த வருஷம் சர்வதேச நடுவர் மன்றத்தில் எகிப்து அரசின் மீது வழக்குப் போட்டது. ஆறு வருஷம் நடந்து, 2018-ல் கம்பெனியின் கோரிக்கை தள்ளுபடியானது. இதில் யாருக்கு லாபம் சொல்லுங்கள்? கம்பெனிக்குப் பணம் வரவில்லை. அரசுக்கு வக்கீல் செலவு. ஆரம்பத்திலேயே, "சம்பளம் உயர்ந்தால் இன்ன சூத்திரப்படி கட்டணம் உயரும்" என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி, அதைக் கொடுக்க நகராட்சிக்கு வருமானமும் இருந்திருந்தால் இத்தனை தூரம் வந்திராது என்பது என் அபிப்பிராயம்.

எரிப்பதா, காற்றோட்டம் விடுவதா?

நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி. கொஞ்சம் விஞ்ஞானமும் பேச அனுமதி வேண்டும்.

கோஷே விபத்து நடந்தபோதே அதன் பக்கத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று கட்டப்பட்டு வந்தது. ரெப்பி ஆலை என்பார்கள். ஆப்பிரிக்காவில் இந்த மாதிரியில் முன்னோடி. சிங்கப்பூரை மையமாகக் கொண்ட ஒரு கம்பெனி, சீன மின் பொறியியல் நிறுவனம், டென்மார்க்கின் ராம்போல் ஆகியவை சேர்ந்து, எத்தியோப்பிய மின்வாரியத்துக்காகக் கட்டியது. செலவு சுமார் 12 கோடி டாலர். 2018 ஆகஸ்டில் திறப்பு விழா. நாளொன்றுக்கு 1,400 டன் குப்பையை எரிக்கலாம் என்பது திட்டம். புகையை ஐரோப்பியத் தரத்துக்குச் சுத்தப்படுத்தும் ஏற்பாடும் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐரோப்பியக் குப்பை வேறு, அடிஸ் அபாபா குப்பை வேறு. அங்கே காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் அதிகம், தானாக எரியும். இங்கே காய்கறித் தோலும் மிச்சச் சாப்பாடும்தான் பெரும்பகுதி. ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்கச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். பாதிக்குப் பாதி ஈரமான குப்பையை உலையில் போட்டால், எரியும் பாதியின் உஷ்ணத்தில் ஒரு பகுதியைத் தண்ணீரே தின்றுவிடும். மாமிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈர விறகில் அடுப்பு மூட்டிய பாட்டியைப் பார்த்தவர்கள் நாம். தவிரவும், பொறுக்குபவர்கள் பிளாஸ்டிக்கையும் அட்டையையும் முன்னாலேயே எடுத்துவிடுவதால் உலைக்கு வருவது இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். எரிக்கும் ஆலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடமே இல்லாத நகரத்துக்கு அது ஒரு வழிதான். ஆனால் அந்த ஊர்க் குப்பையை மழையிலும் வெயிலிலும் எடை போட்டு, ஈரம் பார்த்து, அதற்குப் பிறகு உலையை வாங்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக ஒரு ஜப்பானிய முறை. பெயர் ஃபுகுவோகா முறை. ஃபுகுவோகா பல்கலைக்கழகமும் அந்த நகராட்சியும் சேர்ந்து 1970-களில் உருவாக்கியது. குப்பை நிலத்தின் அடியில் துளையுள்ள குழாய்களைச் சரிவாகப் பதித்துச் சுற்றிலும் கருங்கல் போடுவார்கள். அழுகல் நீர் குழாய் வழியே வடிந்துவிடும். அதே குழாயின் திறந்த வாய் வழியே வெளிக்காற்று உள்ளே போகும். உள்ளே அழுகுவதால் சூடு. சூடான காற்று மேலே எழும். குளிர்ந்த காற்று கீழே நுழையும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். காற்றில்லாத இடத்தில் அழுகினால் மீத்தேன் வரும்; அது பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல நூறு வருஷக் கணக்கில் இருபத்தெட்டு மடங்கு கெட்டது. காற்றோட்டம் இருந்தால் மீத்தேன் குறையும், வடிநீரின் கேடும் குறையும், நீர் தேங்காததால் மேடு சரியும் அபாயமும் குறையும். குழாய்க்குப் பதில் மூங்கிலையும் பழைய பீப்பாய்களையும் வைத்துக்கூடச் செய்யலாம். கோஷே விபத்துக்குப் பிறகு ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு, ஜப்பான் அரசின் உதவியோடு அங்கே இந்த முறையைத்தான் கொண்டுவந்தது. மேலும், 2017 ஏப்ரலில் மபூட்டோவில் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம், ஜைக்கா, யோகஹாமா நகராட்சி, இரண்டு ஐ.நா. அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஆப்பிரிக்கத் தூய நகரங்கள் மேடை என்று ஒன்றை ஆரம்பித்தன. இயந்திரம் விற்பதற்கு முன் நகராட்சி ஊழியர்களுக்குப் பயிற்சி என்ற அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

டர்பனில் ஓர் அம்மாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு 1860-ல் முதல் கரும்புத் தோட்டத் தொழிலாளிகளை ஏற்றிப்போன கப்பல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. அந்த ஊரில் இந்தியர்களுக்கு என்று நிறவெறி அரசு ஒதுக்கிய கிளேர் எஸ்டேட் பகுதியில், 1980-ல் பிசாசர் சாலைக் குப்பைக்கிடங்கைத் திறந்தார்கள். பிறகு நகராட்சி உலக வங்கியின் கார்பன் நிதியோடு சேர்ந்து, குப்பை நிலங்களின் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்கும் திட்டம் போட்டது. விஞ்ஞான ரீதியில் அருமையான திட்டம். ஆனால் கிடங்கின் எதிரே குடியிருந்த சஜீதா கான் என்ற அம்மாள், "மூடுவதாகச் சொன்ன கிடங்கைக் காசு வருகிறது என்று திறந்தே வைக்கப் போகிறீர்கள்" என்று எதிர்த்து நின்றார். உலக வங்கி அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டு சிறு கிடங்குகளோடு நிறுத்திக்கொண்டது. அந்த அம்மாள் 2007-ல் புற்றுநோயில் காலமானார். பின்னர் நகராட்சி தன் முயற்சியிலேயே அங்கும் மின்சாரம் எடுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்த மேஜையில் நகராட்சிக்கும் வங்கிக்கும் நாற்காலி இருந்தது, எதிர்வீட்டுக்காரருக்கு இல்லை. அதுதான் என் மனசில் தங்கியது.

நன்றாக நடந்ததும் உண்டு

தோல்விகளையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மொராக்கோவின் தலைநகர் ரபாத் அருகே உம் அஸ்ஸா என்ற குப்பை நிலம். நடத்தியது ஒரு பிரெஞ்சுக் குழுமம். பழைய கிடங்கில் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களை விரட்டாமல், சுமார் 150 பேரை ஒரு கூட்டுறவுச் சங்கமாக்கி, பிரிக்கும் பட்டையின் இரு பக்கமும் நிற்கவைத்தார்கள். எடுப்பதை விற்கும் வருமானம் சங்கத்துக்கு. வங்கிக் கணக்கு, மருத்துவ காப்பீடு எல்லாம் வந்தது. கெய்ரோவில் எதிரியாக்கப்பட்டவர்கள் இங்கே பங்காளி.

நைஜீரியாவின் லாகோஸில் 2012-ல் பிலிகிஸ் அடெபியி என்ற பெண்மணி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த யோசனையைக் கொண்டுவந்து வீசைக்கிளர்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினார். லாரி நுழையாத சந்துகளில் சரக்கு சைக்கிள். பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுக்கும் குடும்பத்துக்குப் புள்ளிகள். அதை வீட்டுச் சாமானாக மாற்றிக்கொள்ளலாம். சிறிய முயற்சிதான். ஆனால் தெருவின் அகலத்தை அளந்த பிறகு வண்டியைத் தேர்ந்தெடுத்தார்களே, அது பெரிய விஷயம்.

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன ஐந்து கேள்விகள்

இதையெல்லாம் படித்துவிட்டு, கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதிக்கொள் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

ஒன்று: இன்றைக்கு அந்தக் குப்பையை யார் எடுக்கிறார்கள்? அவர்களுக்கு உன் திட்டத்தில் என்ன இடம்?

இரண்டு: குப்பையில் என்ன இருக்கிறது? மழைக்காலத்தில் ஈரம் எத்தனை? வேறு ஊர்க் கணக்கை வைத்து இயந்திரம் வாங்காதே.

மூன்று: மாதாமாதம் பணம் கொடுப்பது யார்? எந்த நாணயத்தில்? எத்தியோப்பியாவில் 2024 ஜூலை இறுதியில் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். டாலருக்கு 57 பிர் என்றிருந்தது சில வாரங்களில் நூறைத் தாண்டிவிட்டது. வருமானம் பிர்ரில், கடனும் உதிரிபாகமும் டாலரில் என்றால் கதி என்ன?

நான்கு: கடைசியில் மிஞ்சுவது எங்கே போகிறது? அந்த நிலத்தின் ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள்? அவர்களைக் கேட்டாயா?

ஐந்து: வெளிநாட்டு இன்ஜினியர் விமானம் ஏறின மறுநாள் இயந்திரம் நின்றால், அதை ஓட்டத் தெரிந்த ஆள் அந்த ஊரில் இருக்கிறாரா?

அவன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். பிறகு, "மாமா, உங்கள் காலத்தில் நீங்கள் இதெல்லாம் கேட்டீர்களா?" என்றான்.

இதற்குத்தான் ஆரம்பத்தில் தைரியம் வரவில்லை என்றேன். நான் உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு சிறு நகரத்துக்கு உரம் தயாரிக்கும் இயந்திரம் வாங்கும் கோப்பு என் மேஜைக்கு வந்தது. காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. விலை ஒப்பீடு சரி, உத்தரவாதம் சரி. "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். இயந்திரம் துருப்பிடித்து நின்றது. மேலே காக்கை. பிரிக்காத குப்பையில் கண்ணாடியும் துணியும் சிக்கி, ஆறே மாதத்தில் நின்றுபோனதாம். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான தொழிலாளி சொன்னார்: "வர்ற குப்பை என்னன்னு எங்களுக்குத் தெரியும் சார். எங்களை யாரும் கேக்கல." நான்தான் அந்தக் கோப்பைப் பார்த்தவன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை இன்று இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

அந்தப் பிள்ளை போன வாரம் டெலிபோன் செய்தான். அடுத்த மாதம் அந்த ஊருக்குப் போகிறானாம். முதலில் மூன்று நாள் என்று இருந்ததை, ஒரு வாரம் கூட்டிக் கேட்டிருக்கிறானாம். விடியற்காலையில் குப்பைமேட்டுக்குப் போய், பொறுக்குகிறவர்கள் வரும் நேரத்தில் அவர்களோடு பேசிவிட்டு அதற்குப் பிறகுதான் நகராட்சி அலுவலகம் போவேன் என்றான். அவன் கம்பெனி விண்ணப்பிக்குமா, கிடைக்குமா என்பது தெரியாது. எப்படி ஆனாலும், என் மேஜையில் விடுபட்டுப்போன கேள்வியை அவன் கேட்கப் போகிறான் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

நமக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் அகத்திலேயே இரண்டு கூடையில் போடுவது. ஆப்பிரிக்காவில் 12 கோடி டாலர் ஆலைக்கு எது பிரச்சினையோ, அது நம் அடுக்களையில் ஒரு கூடையில் தீர்கிற சமாசாரம்.

டிபன் ஆறிப்போவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.